வீரனுடைய கால்களில் பிரியப்படாதவர்: விளையாடும் கிறிஸ்தவ இளைஞர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன், கௌதமபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை நடக்கத் தொடங்கிய மறுவாரமே காலடிக்குப் பந்து வந்துவிடும். எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் கூட்டத்தைப் பதினைந்து ஆண்டுகளாகக் கவனித்துவரும் எனக்கும் அதே வளர்ப்புதான். மாவட்டக் கால்பந்தின் ‘ஏ’ டிவிஷனில் நான்கு சீசன் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனாக ஆடியிருக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் கூட்டம் முடிந்த பிறகு, நாற்காலிகளை அடுக்கும்போது, என்னிடம் தனியாகக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. பதில்களை நின்றுகொண்டே சொன்னதில் எனக்குத் திருப்தி இல்லாததால், உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

“நான் ஒரு கால்பந்து வீரன்” என்று சொல்லிக்கொள்வதில் என்ன தவறு?

தவறே இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர உங்களைப் பற்றிச் சொல்ல வேறு வாக்கியம் இல்லாமல் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. புதிதாக வரும் பையனிடம் “உன்னைப் பற்றிச் சொல்” என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் பெயருக்கு அடுத்ததாக “ரைட் பேக்”, “ஸ்ட்ரைக்கர்” என்று தாம் ஆடும் இடத்தைத்தான் சொல்கிறார்கள். பயிற்சியாளர் அவனை இடம் மாற்றினால் அவன் பதிலும் மாறிவிடும்; வெளியே உட்கார வைத்தால் அவனிடம் பதிலே இருக்காது.

மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போது வானத்திலிருந்து, “இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்” என்ற சத்தம் கேட்கிறது. இந்த வசனம் எந்த இடத்தில் வருகிறது என்பதை நான் எப்போதும் கவனிக்கச் சொல்வேன். அதுவரை அவர் ஓர் அற்புதமும் செய்ததாக மத்தேயு எழுதவில்லை. ஒரு பிரசங்கமும் பண்ணியிருக்கவில்லை. நாசரேத்தில் தச்சனின் மகனாக வளர்ந்த ஒருவரைப் பார்த்துப் பிதா பிரியம் என்று சொல்லிவிட்டார். வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. அடுத்த அதிகாரத்தில் சோதனைக்காரன் வந்து பேசும் முதல் வார்த்தை, “நீர் தேவனுடைய குமாரனேயானால்” என்பது. அந்த ‘ஆனால்’தான் விளையாட்டு வீரனின் காதில் ஒவ்வொரு வாரமும் விழுகிற சொல்: நீ நல்ல ஆட்டக்காரனேயானால் இன்று ஒரு கோல் போடு, நீ தகுதியுள்ளவனேயானால் மாநில அணிப் பட்டியலில் உன் பெயர் இருக்கட்டும். ஏற்கெனவே மகன் என்று அழைக்கப்பட்டவர் அந்த ‘ஆனால்’ என்ற சொல்லுக்குப் பதிலாகக் கல்லை அப்பமாக்கிக் காட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் நின்றார். அடையாளம் கிறிஸ்துவுக்குள் இருக்கிறது என்று நாம் சொல்வதன் பொருள் இவ்வளவுதான். அவரிடம் சொல்லப்பட்ட வார்த்தையை, அவரைச் சேர்ந்தவன் என்ற முறையில், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நாமும் கேட்டுவிட்டு மைதானத்தில் இறங்குகிறோம்.

அப்படியானால் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது பாவமா?

இல்லை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, “நீங்கள் பெற்றுக்கொள்ளத்தக்கதாக ஓடுங்கள்” என்றே எழுதுகிறார். கொரிந்துவுக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. அங்கே ஜெயித்தவனுக்குக் கொடுத்த கிரீடம் பைன் இலைகளாலோ காய்ந்த செலரித் தழையாலோ பின்னப்பட்டது. “அழிவுள்ள கிரீடம்” என்று பவுல் சொன்னதைக் கேட்ட கொரிந்தியர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. சில நாளில் உதிர்ந்துவிடும் அந்தத் தழையை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். இருந்தும், அதற்காக ஓடுகிறவனைப் பவுல் கேலி செய்யவில்லை. அவனுடைய இச்சையடக்கத்தைப் பாருங்கள் என்று சபைக்குக் காட்டுகிறார்.

2023 மார்ச் மாதம் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று, 54 ஆண்டுகளுக்குப் பிறகு கர்நாடகம், மாநில அணிகள் மோதும் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையை எடுத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வந்த எங்கள் சபைப் பெரியவர்களில் பாதிப் பேர் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போகவே இல்லை. மதில் ஓரமாக நின்று ஒவ்வொரு கோலையும் கையாலேயே மறுபடி போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை.

முழங்கால் லிகமென்ட் கிழிந்து ஒன்பது மாதம் விளையாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடவுள் என்னைத் தண்டிக்கிறாரா?

இந்தக் கேள்விக்கு நான் கூடுதலாக இடம் எடுத்துக்கொள்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் கேட்ட கேள்வி இது.

எனக்கு அப்போது 22 வயது. லீக் ஆட்டம் ஒன்றின் இரண்டாம் பாதியில், யாரும் என்னைத் தொடாமலே, பந்தை வெளியே அடிக்கத் திரும்பியபோது வலது முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஏ.சி.எல். என்று எல்லா ஆட்டக்காரர்களும் பயந்து உச்சரிக்கும் அந்தத் தசைநார் முழுக்கக் கிழிந்திருந்தது. அறுவைசிகிச்சைக்குப் பிறகு பிசியோதெரபி அறையில் இரண்டு கருவிகள்தான் என் உலகம்: முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கும் பிளாஸ்டிக் கோணமானி ஒன்று, சூம்பிப்போன வலது தொடையை இடது தொடையோடு ஒப்பிட்டு அளக்கும் தையல்காரர் டேப் ஒன்று. ஒரு மாதம் 90 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. நான் ஆடிய அணியின் நிர்வாகி முதல் வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார், இரண்டாம் வாரம் ஒருமுறை போன் பண்ணினார், பிறகு என் இடத்தில் வேறொருவன் நன்றாக ஆடத் தொடங்கிவிட்டதால் அவருக்கு என்னிடம் பேச எதுவும் இருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்தவன் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் மட்டுமே, அவன் அப்போது இல்லை. பதக்கங்களை அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைத்திருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் அது கலகலவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காகவே அந்த அறைக்குள் போகாமல் இருந்தேன்.

மூன்றாம் மாதம் ஊன்றுகோலோடு ஆராதனைக்குப் போனபோது, எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயா வாசலில் என்னை நிறுத்தி, “பாட்டுப் புஸ்தகம் எடுத்துக் குடுப்பியே, அந்தப் பையன்தானே நீ? ரொம்ப நாளா காணோமே” என்று கேட்டார். நான் பந்து ஆடுவேன் என்பதே அவருக்குத் தெரியாது. காலைப் பார்த்து, பஸ்ஸில் இருந்து விழுந்தாயா என்று விசாரித்தார். பந்துக்குச் சம்பந்தமே இல்லாமல் நான் இல்லாததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பது எனக்கு அன்று தாங்க முடியாத செய்தியாக இருந்தது. பின் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

கேள்விக்கு வருகிறேன். பிறவிக்குருடன் ஒருவனைப் பார்த்து, இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, “அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்று இயேசு பதில் சொன்னார். ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் பயிற்சிக்குப் போனதால்தான் முழங்கால் போயிற்று என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் எந்தப் பதவியில் இருந்தாலும், இந்த வசனத்தை அவருக்குக் காட்டுங்கள். ஓடித் திரும்பி நிற்கும் விளையாட்டில் முழங்கால் முறுக்குப்படுகிறது. விசுவாசியின் காலும் அவிசுவாசியின் காலும் ஒரே மாதிரிதான் கிழியும்.

147ஆம் சங்கீதத்தில், “அவர் குதிரையின் பலத்தில் விருப்பமாயிரார், வீரனுடைய கால்களில் பிரியப்படார்” என்று ஒரு வசனம் இருக்கிறது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த நாட்களில் அதை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது; என் கால்களில் பிரியப்படாத கடவுள் பிறகு எதில்தான் பிரியப்படுவார் என்று தோன்றியது. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு வாசித்தபோது அதே வசனம் வேறு விதமாகக் கேட்டது. அவருடைய பிரியம் முதலிலிருந்தே என் கால்களைச் சார்ந்து இருக்கவில்லை என்றால், கால் போனதால் அந்தப் பிரியத்தில் குறைந்தது ஒன்றும் இல்லை.

ஷூவிலும் ரிஸ்ட் பேண்டிலும் பிலிப்பியர் 4:13 எழுதிக்கொள்கிறோம். சரிதானே?

எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் 12ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்று பவுல் எழுதியது கட்டுண்டு காவலில் இருந்தபோது. தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த ‘எல்லாவற்றையும்’ என்ற சொல்லுக்கு வருகிறார். பெனால்டி உள்ளே போகும் என்பதற்கு அது உத்தரவாதம் கொடுக்கவில்லை. பெனால்டியைத் தவறவிட்டவன் அன்று ராத்திரி அணியோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்கான பெலன் என்று வாசித்தால், வசனத்தின் பக்கத்தில் நிற்போம்.

இறுதி ஆட்டம் ஞாயிறு காலையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆடலாமா?

இந்தக் கேள்வி வந்தால் எரிக் லிடெல் பெயரும் கூடவே வரும். ஸ்காட்லாந்து மிஷனெரிகளின் மகனாக 1902இல் சீனாவில் பிறந்த அவர், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் அதில் ஓடவில்லை. அதே காரணத்துக்காக இரண்டு தொடர் ஓட்டங்களையும் விட்டார். பிறகு 400 மீட்டரில் 47.6 வினாடியில் ஓடித் தங்கமும், 200 மீட்டரில் வெண்கலமும் வாங்கினார். பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது. கடவுளைக் கனம்பண்ணினார், கடவுள் தங்கம் கொடுத்தார் என்று கணக்கும் நேராகிவிடுகிறது. எனக்கு அந்தக் கணக்கின் மேல் நம்பிக்கை இல்லை. 400 மீட்டரில் அவர் கடைசியாக வந்திருந்தாலும் அவர் எடுத்த முடிவு அதே முடிவுதான்.

மீதிக் கதை எனக்கு இன்னும் முக்கியம். அடுத்த ஆண்டே, ஓட்டத்தின் உச்சத்தில், ஆசிரியராக வேலை செய்யச் சீனாவுக்குப் போய்விட்டார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் 1943இல் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்திருந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, விளையாட்டும் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்பார்வை இல்லாமல் ஹாக்கி ஆடிய பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டபோது, ஞாயிறன்று ஒலிம்பிக்கிலேயே ஓடாத அந்த மனிதர், ஞாயிறன்று நடுவராக நிற்க ஒப்புக்கொண்டார். 1945 பிப்ரவரி 21 அன்று, போர் முடிவதற்கு முன்பே, மூளைக் கட்டியால் முகாமில் இறந்தார், வயது 43.

ஓடாததும் நடுவராக நின்றதும் ஒரே மனிதரின் செயல்கள் என்பதை வைத்துக்கொண்டு யோசியுங்கள். இரண்டிலும் அவர் பதக்கத்தைக் கேட்டு முடிவெடுக்கவில்லை. உங்கள் ஆட்டம் எட்டு மணிக்கு என்றால் எங்கள் சபையில் மாலை ஆராதனை இருக்கிறது. சில பிள்ளைகள் ஆடிவிட்டு அதற்கு வருகிறார்கள், சிலர் ஞாயிறு ஆடுவதே இல்லை. இரு சாராரையும் நான் மதிக்கிறேன். ஆனால் தேர்வாளர் என்ன நினைப்பாரோ என்ற பயம் ஒன்றே ஆறு மாதமாக உங்களை எந்த ஆராதனைக்கும் வராமல் தடுக்கிறது என்றால், நாம் பேச வேண்டிய விஷயம் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியதாக இருக்காது.

இரண்டு அணியும் ஜெபம் பண்ணினால் கடவுள் யாருக்குக் கொடுப்பார்?

ஆஸ்டின் டவுனில் ஒரே சபைப் பிள்ளைகள் எதிரெதிர் அணியில் ஆடுவது சாதாரணம். யாருக்கும் காயம் வரக் கூடாது, யாரும் ஏமாற்றக் கூடாது என்று இரண்டு பக்கமும் ஜெபித்தால், அது இரண்டு பக்கமும் கேட்கப்படக்கூடிய ஜெபம்.

விசுவாசமும் இன்னொரு பந்தயமாக மாறிவிடாதா?

மாறிவிடும், இதைக் கேட்டவள் 19 வயதுப் பெண், 800 மீட்டர் ஓடுகிறவள். பைபிள் வாசிப்பைக் கடிகாரம் வைத்து அளப்பதாகவும், ஒரு நாள் தவறினால் பயிற்சி தவறிய அதே குற்ற உணர்வு வருவதாகவும் சொன்னாள். ஓட்டத்தில் கற்ற பழக்கத்தை அப்படியே ஜெப அறைக்குள் கொண்டுபோய், அங்கேயும் மதிப்பெண் வாங்கப் பார்க்கிறோம்.

பிரிட்டனின் மும்முறைத் தாண்டல் வீரர் ஜொனாதன் எட்வர்ட்ஸ் 1995இல் கோத்தன்பர்கில் 18.29 மீட்டர் தாண்டினார். அந்த உலகச் சாதனை முப்பது ஆண்டுகளாகியும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதற்காக 1991 உலகப் போட்டியையே விட்டுக்கொடுத்த அளவுக்கு வெளிப்படையான கிறிஸ்தவர். 2000 சிட்னியில் தங்கம் வாங்கி, 2003இல் ஓய்வு பெற்ற பிறகு, தமக்கு இனி விசுவாசம் இல்லை என்று 2007இல் பகிரங்கமாகச் சொன்னார். விளையாட்டை விட்ட பிறகே கேள்விகள் எழுந்தன என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவரை எச்சரிக்கைப் பலகையாக நிறுத்த எனக்கு உரிமை இல்லை. அவ்வளவு நேர்மையாகப் பேசியவரை நான் மதிக்கிறேன். ஆனால் வாலிபர் கூட்டம் நடத்துகிற என்னை அது தூங்கவிடாத கேள்வி ஒன்றைக் கேட்க வைத்தது: நாங்கள் இந்தப் பிள்ளைகளுக்குக் கடவுளைக் கொடுக்கிறோமா, அல்லது நன்றாக ஆடுவதற்கு ஒரு மனப்பயிற்சியைக் கொடுக்கிறோமா? ஆட்டத்துக்கு உதவியாக மட்டும் கற்றுக்கொடுக்கப்பட்ட விசுவாசத்துக்கு, ஆட்டம் முடிந்த மறுநாள் என்ன வேலை இருக்கும்?

லூக்கா 10இல் எழுபது சீஷர்கள் ஊழியத்தில் ஜெயித்துத் திரும்பி வந்து, பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்று குதிக்கிறார்கள். அதற்காகச் சந்தோஷப்படாமல், “உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள்” என்கிறார் இயேசு. ஆவிக்குரிய வெற்றியைக்கூட அடையாளமாக வைத்துக்கொள்ள அவர் விடவில்லை.

மகளை மாநில அணிக்கு எடுக்கவில்லை. நாங்கள் பெற்றோர் என்ன சொல்ல வேண்டும்?

முதல் இரண்டு நாள் எதுவும் சொல்ல வேண்டாம். “அழுகிறவர்களுடனே அழுங்கள்” என்பதோடு அந்த வசனம் முடிகிறது. அதன் பின்னால் ஆலோசனை எதுவும் இல்லை.

இன்னொன்று, சற்றுக் கசப்பாக இருக்கலாம். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் அணிகளில் இடம் கிடைத்தால் குடும்பமே கரையேறிய காலம் நம் தெருக்களின் நினைவில் இருக்கிறது. விளையாட்டுக் கோட்டா என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இன்னும் மரியாதை உண்டு. அந்த நம்பிக்கையைத் தவறு என்று நான் சொல்லவில்லை, வாடகைப் பிரச்சினை எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளையின் கால்களில் குடும்பத்தின் வாடகையை ஏற்றிவைத்துவிட்டு, “கடவுள் உன்னை அப்படியே நேசிக்கிறார்” என்று சொன்னால் அது பிள்ளைக்குக் கேட்காது. நீங்கள் தேர்வுப் பட்டியலைப் பார்த்த நொடியில் உங்கள் முகம் எப்படி மாறியது என்பதைத்தான் அவள் பார்த்திருப்பாள்.

ஜெயித்தவர்களைச் சபையில் சாட்சி சொல்ல அழைப்பது சரியா?

அழைக்கலாம். ஆனால் பதினைந்து ஆண்டுகளில் எங்கள் பீடத்தில் நின்று சாட்சி சொன்ன விளையாட்டு வீரர்கள் எல்லாருமே கோப்பையோடு வந்தவர்கள் என்பதை ஒருநாள் எண்ணிப் பார்த்து வெட்கப்பட்டேன். அவர்களில் பலரை அழைத்தவன் நான்தான். சென்ற ஆண்டு, மூன்று முறை தேர்வில் தவறிப் பயிற்சியை விட்டுவிட்டுத் தொழிற்பயிற்சிப் படிப்பில் சேர்ந்த ஒரு பையனைப் பேச அழைத்தோம். நான்கு நிமிடம்தான் பேசினான். அன்று பின் வரிசைப் பையன்கள் யாரும் போனை எடுக்கவில்லை.

என் நண்பனுக்கு அறுவைசிகிச்சை முடிந்திருக்கிறது. பார்க்கப் போகிறேன், என்ன பேசுவது?

“எப்போது திரும்பி ஆடுவாய்?” என்று கேட்காதீர்கள்; போகிற எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், அவனுக்கும் பதில் தெரியாது. பரோட்டா வாங்கிக்கொண்டு போங்கள். மாடியில் வீடு என்றால் இறங்கும்போது அவனுக்கு ஒரு படி கீழே நின்று தோள் கொடுங்கள். கொஞ்சம் நடக்கத் தொடங்கியதும் சனிக்கிழமை அழைத்து வாருங்கள். நாற்காலியை அடுக்க அவனால் முடியாது, ஆனால் வாசலில் உட்கார்ந்து பாட்டுப் புஸ்தகம் எடுத்துக் கொடுக்க எங்களுக்கு எப்போதும் ஆள் குறைவாகத்தான் இருக்கிறது.